ஒரு ரப்பர் பேண்ட் போட்ட டப்பா

அண்ணி என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு ரப்பர் பேண்ட்.

விடிந்தும் விடியாத நேரம். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடி குரல் கொடுத்தாள்.

"ஏ தபால், ஒரு ரப்பர் பேண்ட் இருக்கா?"

தபால் என்பது நான். தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக் கட்டும் வேலை எனக்கு. அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த வாரமே அண்ணி வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு என் சொந்தப் பெயரை அவள் கூப்பிட்டதாக நினைவில்லை.

"நேத்துதானே ஒரு பிடி கொண்டுவந்து குடுத்தேன்?"

"அவங்கெல்லாம் டூட்டியில இருக்காங்க. ஒண்ணே ஒண்ணு குடு, கெஞ்ச விடாத."

ஆபீசில் கடிதக் கட்டுகளைப் பிரிக்கும்போது உதிரும் ரப்பர் பேண்டுகளில் ஒன்றைத்தான் நான் தலைமுடிக்கும் போடுவேன். அதை உருவிக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"பேண்ட் கேட்டா முடியும் சேர்த்துக் குடுக்குற. தாராள மனசுடி உனக்கு."

அவள் கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று. என்றோ கொதிக்கும் தண்ணீர் பட்டதில் அதன் மூடி வளைந்திருந்தது. இடது மூலையைக் கட்டைவிரலால் முதலில் அழுத்திவிட்டு, அப்புறம்தான் மற்ற மூலைகளை அழுத்த வேண்டும். வரிசை மாறினால் ஒரு பக்கம் மூட, மறுபக்கம் வாயைத் திறக்கும். அண்ணி மூலையை அழுத்தி மூடி, என் ரப்பர் பேண்டை மாட்டினாள்.

"இது வண்டிக்காரருக்கு. ராத்திரி வர்றார்ல உங்கண்ணன். இதுல நீ கைய வெச்ச, அடுத்த மாநாட்டுல உன்னையும் சேர்த்து வேக வெச்சிடுவேன்."

"மிச்சத்துக்கு இவ்வளவு காவலா?"

"மிச்சம்னு சொல்லாத. ஒதுக்கீடு."

சொல்லிவிட்டு ஃப்ரிட்ஜ் கதவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிச் சாத்தினாள். நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

அண்ணிக்கு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. அன்று மதியம் மடித்த படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள் கொஞ்சம் உட்கார்ந்தாளாம். களைப்பு என்று நினைத்து, பக்கத்தில் வேலை செய்தவள் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் திரும்பி வந்தபோது தண்ணீருக்கு வேலை இல்லை.

அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். பாதி வழியில் வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, எதிர்த் திசையில் வந்த பேருந்தில் பயணியாக ஏறி வந்தான். அவ்வளவு வருடத்தில் அவன் பேருந்தில் பயணியாக உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாரோ வீடு மாறும்போது விட்டுச்சென்றது. என் தோள் உயரம் இருக்கும். உள்ளே விளக்கு கிடையாது. பல்ப் போனபோது அண்ணன் புதுசு வாங்கி வருகிறேன் என்றான். அண்ணி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். "வெளிச்சம் இருந்தா நீங்க ரெண்டு பேரும் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு சினிமா பாக்குற மாதிரி நிப்பீங்க. குளிரெல்லாம் தெருவுக்குப் போயிடும். என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் திறந்தா போதும்."

இருட்டில் எப்படித் தெரியும்? அதற்குத்தான் ரப்பர் பேண்ட். தினமும் காலையில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒன்று மாட்டுவாள். ஒன்று இருந்தால் அவசரமில்லை. இரண்டு என்றால் இன்றைக்கு அதைக் கவனி. மூன்று விழுந்துவிட்டால் பேச்சே கிடையாது, அன்றே தீர்த்தாக வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். கையை விட்டு விரலால் தடவினால் போதும், டப்பாவின் வயது தெரிந்துவிடும். "உன் ஆபீஸ் குப்பைதான்டி என் காலண்டர்" என்பாள்.

இரண்டு பேர் சம்பளம் வந்த வீடு அல்ல எங்களுடையது, இரண்டரைச் சம்பளம். என்னுடையது அரை. அதில் வாடகையும் அண்ணனின் வயிற்றுப்புண்ணுக்கு மருந்தும் போக, மீதியில் சமையலறை ஓடியது. ஓடியது என்றால் திணறி அல்ல. அண்ணி அதை ஒரு விளையாட்டாகவே ஓட்டினாள். காய்கறித் தோலையும் கீரைத் தண்டையும் வேகவைத்து வடித்த தண்ணீர், மறுநாள் சூப்புக்குப் போகும். காய்ந்த ரொட்டி ஓரங்கள் தூளாகி ஜாடிக்குப் போகும். பிழிந்த எலுமிச்சை மூடி கழுவுதொட்டியைத் தேய்க்கப் போகும். சோறு மிஞ்சினால் அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரமாக ஆற வைத்துத்தான் டப்பாவில் போடுவாள். "சூட்டோட உள்ள வெச்சா அது மட்டும் கெடாது, பக்கத்துல இருக்கறவனையும் கெடுக்கும். மனுஷங்க மாதிரிதான்."

வாரச் சந்தைக்கு முந்தின நாள் மாலை மாநாடு. மிஞ்சிய டப்பாக்கள் எல்லாம் மேசைக்கு வரும். ஒரே பாத்திரம், ஒரே சூப். அண்ணன் வீட்டில் இருந்தால், செருப்பைக் கழற்றும்போதே வாசலில் இருந்து கேட்பான்.

"இன்னிக்கு யார் தலைமை?"

"கேரட். ரெண்டு முனையும் கறுத்துப்போன மூத்த தலைவர்."

"வரவேற்புரை?"

"நேத்துப் பருப்பு."

"என்ன தீர்மானம்?"

"கொதிக்கிறதுன்னு ஏகமனதா முடிவு பண்ணியாச்சு. நீங்க போய்க் கை கழுவிட்டு வாங்க."

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் கறார். டப்பாவைத் திறந்ததும் மூன்று பேர் மூக்கும் பரிசோதிக்க வேண்டும். ஒரு மூக்கு சுளித்தாலும் அந்த டப்பாவுக்கு மாநாட்டில் இடமில்லை. நேராக பால்கனியில் இருக்கும் விரிசல் விட்ட வாளிக்குப் போகும். அங்கே மண், காய்ந்த இலை, கிழித்த செய்தித்தாள். சில மாதத்தில் அது தக்காளிச் செடிக்கு உரம். "கெட்டதைக் கொதிக்க வெச்சா நல்லதாயிடாது. அது சிக்கனமில்ல, ஆஸ்பத்திரிச் செலவு."

எல்லாம் முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது வாசலில் சாப்பாடு காத்திருந்தது. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பார்கள். எங்களுக்குத் தலைகீழாக நடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சோறும் பீன்சும். மாடி வீட்டிலிருந்து ரொட்டி. சலவைக்கூடத்துப் பெண்கள் பெரிய அடுக்கில் வறுத்த உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் கொண்டுவந்தார்கள். டிப்போவிலிருந்து ஓட்டுநர்கள் என்ன கொண்டுவருவது என்று தெரியாமல் ஒரு முழுப் பூசணிக்காயைக் கொண்டுவந்து, அதை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் அம்மாவின் தங்கை, சித்தி, துணைக்கு வந்து தங்கினாள். சின்ன வயதில் எங்களைப் பாதி வளர்த்தவள். அழுகையும் வேலையும் ஒரே சமயத்தில் செய்யக்கூடியவள். வந்த மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"ஐயோ, இது என்னடி குகை! உள்ள கரடி எதுவும் இருக்கா?"

"பல்ப் கிடையாது சித்தி."

"ஒரு பல்ப் போடக்கூடவா வக்கில்ல? தள்ளு. இதுல பாதியைத் தூக்கிப் போட்டாத்தான் இந்தச் சாப்பாட்டுக்கெல்லாம் இடம் வரும்." ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேசையில் வைக்க ஆரம்பித்தாள். வளைந்த மூடி போட்ட டப்பாவும் வந்தது. "இது என்ன கலவை? எப்ப பண்ணது?"

"சித்தி, அதை வைங்க."

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். அதுவரை அவன் எங்கேயோ சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான்.

"இல்லடா, இடத்துக்காக..."

"வைங்கன்னு சொன்னேன்ல."

சித்தியிடம் அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உள்ளே வந்து டப்பாவை வாங்கினான். மூடியைச் சட்டை ஓரத்தால் துடைத்தான். இடது மூலையை அழுத்தி மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கடைசியில், சுவரை ஒட்டி வைத்தான். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

சித்தி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி அவனுக்குன்னு எடுத்து வெச்சது," என்றேன்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மற்ற டப்பாக்களைத் திரும்ப உள்ளே அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "சரி. அவனுக்கு அந்த மூலை இருக்கட்டும். மத்தவனுங்க நெருங்கி உக்காரட்டும்."

அண்ணன் சாப்பிடவில்லை. தட்டு வைத்தால் "அப்புறம்" என்பான். டீயில் நனைத்த ரொட்டித் துண்டை நின்றுகொண்டே விழுங்குவான். சமையலறைக்குள் வந்தாலும் உட்காரமாட்டான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஃப்ரிட்ஜைத் திறந்து குனிந்து, கையை உள்ளே விட்டு அந்த டப்பாவைத் தொட்டுவிட்டுப் போவான்.

அவன் அதைத் தூக்கிப் போடமாட்டான் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிடுவானோ என்பதுதான் என் பயம். கெட்டுப்போனதென்று தெரிந்தாலும், அவள் எடுத்து வைத்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டுவிடுவான். அவன் வயிறு நல்ல நாளிலேயே நாலு பேர் சொல் கேட்காத வயிறு. இன்னொரு தடவை அந்த மருத்துவமனைப் படியை ஏற என்னால் முடியாது.

வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இல்லை. அதனால் அண்ணியின் வழியையே பிடித்துக்கொண்டேன். எனக்கு விடுப்பு குறைவு. சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் விடியற்காலையில் கிளம்பும் முன் ஆணியில் தொங்கும் தகர டப்பாவிலிருந்து ரப்பர் பேண்டுகளை அள்ளி, இருட்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒன்று மாட்டினேன். கீழ்த்தட்டின் மூலைக்கும் கையை நீட்டி ஒன்று. என்றைக்காவது அவன் அதைத் திறக்கப் போனால், அத்தனை பேண்டுகளைப் பார்த்து நிறுத்திக்கொள்வான் என்று நினைத்தேன். அண்ணியின் சட்டத்தை மீறி அவன் ஒரு பருக்கை தின்றதில்லை.

சாப்பாடு வருவது மெல்லக் குறைந்தது. வந்ததையெல்லாம் எங்கள் டப்பாக்களுக்கு மாற்றிவிட்டு, பாத்திரங்களைக் கழுவி அவரவர் வீட்டில் கொடுத்துவந்தேன். சித்தி ஃப்ரிட்ஜை அவள் இஷ்டத்துக்குத் தினமும் இடம் மாற்றி அடுக்கினாள். வெளிச்சம் இல்லாத கோபத்தை அப்படித் தீர்த்துக்கொண்டாள்.

ஒரு மாலை அண்ணன் மேசையருகே வந்து நின்றான். நிற்கிறானே, இதுதான் சமயம் என்று அவசரமாக ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டேன். முன்வரிசையில் ஒரே ஒரு பேண்ட் போட்ட டப்பா விரலில் பட்டது. நேற்று வந்த பீன்ஸ் என்று எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது கொஞ்சமாவது சாப்பிடு அண்ணா. நேத்து வந்ததுதான்."

அவன் டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இது என்னோடது."

அப்போதுதான் மூடியைக் கவனித்தேன். வளைந்த மூடி. சித்தி இடம் மாற்றி அடுக்கியதில் மூலையிலிருந்து முன்னால் வந்திருக்கிறது. மூடிமேல் ஒற்றை ரப்பர் பேண்ட். அதில் ஒரு நீள முடி சுற்றியிருந்தது.

"இதுல நிறைய இருக்கணுமே. தினமும் நான் போட்டேனே."

அவன் முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றிக் கையை மேலே ஏற்றினான். மணிக்கட்டில் ரப்பர் பேண்டுகள் வளையல் அடுக்கு மாதிரி இருந்தன. தோலில் வரி வரியாகத் தடம்.

"நீ போட்டதெல்லாம் இங்க இருக்கு."

"ஏன் அண்ணா?"

"அது ஒண்ணுதான் அவ போட்டது." விரலால் மூடியைத் தொட்டான். "மூணு விழுந்தா முடிச்சாகணும்ல. அவ சட்டம்."

அடுப்பருகே நின்ற சித்தி மூக்கை உறிஞ்சிவிட்டு, "டேய், ரத்த ஓட்டம் நின்னு கை நீலமாயிடப்போகுது, அதையாவது கொஞ்சம் கீழ இறக்கு," என்றாள். அவன் டப்பாவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

நான் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாநாட்டை நடத்தினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மறுநாள் சந்தைக்கு முந்தின நாள்.

வேலை முடிந்து வந்ததும் எல்லா டப்பாக்களையும் வெளியே எடுத்தேன். கீழ்த்தட்டின் மூலையை மட்டும் தொடவில்லை. சித்தியும் நானும் மோந்து பார்த்தோம். இரண்டு டப்பா வாளிக்குப் போயின. பீன்ஸ், உருளைக்கிழங்கு, ரொட்டி ஓரம், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூசணியில் ஒரு கீற்று, எல்லாம் பெரிய பாத்திரத்துக்கு வந்தன. அண்ணி மாதிரி எனக்கு வராது. ஆனாலும் கொதி வந்தபோது வாசனை ஏறக்குறைய அந்த வாசனைதான்.

அண்ணன் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கேட்டான்.

"யார் தலைமை?"

இந்தக் கேள்விக்கு நான் நாள் முழுக்கப் பதில் யோசித்து வைத்திருந்தேன். பூசணியை வைத்து ஒன்று. வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சித்திக்கு எங்கள் மாநாட்டு வழக்கம் எதுவும் தெரியாது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"தலைமையா? இங்க இருக்கறதுல நான்தானேடா மூத்தவ. நானே இருந்துட்டுப் போறேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கைக்குப் பின்னால் அது அழுகையாகவும் இருந்திருக்கலாம். சித்தி, "என்ன சொல்லிட்டேன் இப்ப?" என்று என்னைக் கேட்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜின் முன்னால் குந்தினான். டப்பாவை எடுத்து மேசையில் வைத்தான். ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மற்றவற்றோடு போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்தான்.

மூன்று மூக்கு தேவைப்படவில்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கையையே பார்த்தேன். பக்கத்தில் ஸ்பூன் இருந்தது.

"இவன் மாநாட்டுக்கு வர முடியாது," என்றான் கடைசியில்.

"முடியாது," என்றேன்.

"அவ இருந்தா என்னைத் திட்டியிருப்பா. இவ்வளவு நாள் வெச்சிருந்ததுக்கு."

பால்கனிக்கு அவனே எடுத்துக்கொண்டு போனான். நான் செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். வாளியில் குழி பறித்து, கொட்டி, கையாலேயே மண்ணைக் கிளறி மூடினான். நகக்கண்ணில் மண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கென்று வைத்ததில் ஒரு வாய்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. அது அவன் முகத்தில் தெரிந்தது.

"மிச்சம்னு சொல்லக்கூடாதுன்னு அண்ணி சொன்னா, அண்ணா," என்றேன். "ஒதுக்கீடாம்."

அவன் திரும்பினான். "எப்ப சொன்னா?"

"அன்னிக்குக் காலையில. உனக்கு எடுத்து வெக்கும்போது."

"ஒதுக்கீடுன்னா சொன்னா?"

"நான் கைய வெச்சா, அடுத்த மாநாட்டுல என்னையும் சேர்த்து வேக வெச்சிடுவேன்னா."

"அப்புறம்?"

அப்போதுதான் புரிந்தது, அந்தக் காலையில் அவன் வீட்டில் இல்லை என்பது. அது முழுக்க என்னிடம்தான் இருந்தது. நான் முதலிலிருந்து சொன்னேன். ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் கூப்பிட்டதை, கெஞ்ச விடாத என்றதை, என் தாராள மனசைப் பாராட்டியதை, கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தியதை. அவன் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றான். தீர்ந்துபோனதும், "முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லு பாப்பா," என்றான். சொன்னேன்.

உள்ளேயிருந்து சித்தி கத்தினாள். "தலைவி எவ்வளவு நேரம்தான் காத்திருப்பா? ஆறிப்போகுதுடா!"

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "உப்பு கம்மி," என்றான். இரண்டாவது கிண்ணமும் கேட்டான்.

சாப்பிட்டபின் மணிக்கட்டிலிருந்து ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆணியில் தொங்கும் தகர டப்பாவில் போட்டான். என் முடி சுற்றியிருந்ததை மட்டும் என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொள்ள நினைத்தேன், பத்திரமாக எங்காவது வைக்க. ஆனால் அண்ணி எந்தப் பேண்டையும் சும்மா உட்கார வைத்தவள் அல்ல.

"டூட்டியில இருக்கட்டும்," என்றேன். அதையும் போட்டுக் கலக்கினான்.

சித்தி ஊருக்குப் போகும் முன் ஒரு பல்ப் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அது அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜின் தலைமேல் இருக்கிறது. அண்ணன் இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறான். அவன் வராத நாட்களில் அவன் பங்கை நான் எடுத்து வைக்கிறேன், அதே ஐஸ்கிரீம் டப்பாவில். சமையல் சோடாவும் எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்ததில் வாடை போய்விட்டது. மூடி மட்டும் இடது மூலையை முதலில் அழுத்தினால்தான் மூடுகிறது.